விசா வரும்வரை டிக்கெட் வேண்டாம், அறையை மட்டும் போட்டு வையுங்கள்

கேள்வி: நான் சேலத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் உள்ள, அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளூரைடு பற்றி ஆய்வு செய்கிறேன். மே முதல் வாரம் வியன்னாவில் நடக்கும் ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் மாநாட்டில் போஸ்டர் வைக்க (ஆய்வைப் பலகையில் ஒட்டி விளக்க) என் ஆய்வுச் சுருக்கம் தேர்வாகியிருக்கிறது. இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். டிராவல்ஸ்காரர், "இப்போதே டிக்கெட் வாங்கினால்தான் விசா வரும், ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்தான் மலிவு" என்கிறார். மாநாட்டு அரங்கின் பக்கத்து ஓட்டல்களில் ஒரு இரவுக்கு 150 யூரோவுக்கு மேல் கேட்கிறார்கள். பெரியம்மா மகன் வீனர் நோய்ஷ்டாட் என்ற ஊரில் குடும்பத்தோடு இருக்கிறார், அங்கேயே தங்கச் சொல்கிறார். நான் சைவம், முட்டையும் சாப்பிடுவதில்லை. மாநாடு முடிந்ததும் தோழியோடு நான்கு நாள் பாரிஸ் போகவும் ஆசை. எதை முதலில் செய்வது, எங்கே தங்குவது?

பதில்: முதலில் வாழ்த்துகள். தருமபுரித் தண்ணீரைப் பற்றிப் பேச வியன்னா ரொம்பப் பொருத்தமான ஊர். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது அவசரம் அந்த டிக்கெட் விஷயம்தான்.

வாங்காதீர்கள். ஆஸ்திரியா, பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கேட்பது போகவர என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்பதற்கான முன்பதிவு. பணம் முழுக்கக் கட்டிய, திரும்பக் கிடைக்காத டிக்கெட் அல்ல. விசா மறுக்கப்பட்டால் விண்ணப்பக் கட்டணமே திரும்ப வராது, டிக்கெட் பணத்தை யாரிடம் போய்க் கேட்பீர்கள்? அறை, விண்ணப்பம், விசா, அப்புறம்தான் டிக்கெட். இருபது வருடமாக ஆராய்ச்சிக்காரர்களையும் டாக்டர்களையும் மாநாடுகளுக்கு அனுப்பி வைக்கிறேன், இந்த வரிசையை மாற்றியவர்கள்தான் அதிகம் கஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

அடுத்து அந்த டிராவல்ஸ்காரரே, "சரி மேடம், டம்மி டிக்கெட், டம்மி ஓட்டல் புக்கிங் போட்டுத் தருகிறேன்" என்பார். வேண்டாம். பல வருடம் முன்பு என்னிடம் வந்த ஒரு டாக்டருக்கு, அவர் அவசரத்தில் வேறொரு ஏஜெண்டிடம் வாங்கிய ஓட்டல் முன்பதிவு, விண்ணப்பம் கொடுத்த மறுநாளே ரத்தாகிவிட்டது. ஏஜெண்டுக்கு அதுதான் வழக்கமாம். தூதரகம் ஓட்டலுக்கு விசாரித்திருக்கிறது. விசா மறுப்புக் கடிதத்தில், தங்குமிடம் பற்றிய தகவல் நம்பத்தக்கதாக இல்லை என்று வந்தது. அடுத்த விண்ணப்பம் ஒவ்வொன்றிலும் அந்த மறுப்பை விளக்கிக்கொண்டிருக்கிறார்.

உண்மையான முன்பதிவே செலவில்லாமல் செய்யலாம் என்கிறபோது பொய்யானது எதற்கு? ஓட்டல் தளங்களில் "இலவச ரத்து" என்று வடிகட்டிப் பாருங்கள். ஆனால் அந்தச் சொல்லோடு நிற்காமல், எந்தத் தேதி வரை இலவசம் என்று பாருங்கள். மே மாதத்து அறையை ஏப்ரல் கடைசி வாரம் வரை ரத்து செய்யலாம் என்றால் நல்லது. மார்ச் முதல் தேதியோடு முடிகிறது என்றால் உங்களுக்குப் பயனில்லை, விசா அதற்குள் வராது. கடைசித் தேதியைச் செல்போனில் அலாரமாகவே வைத்துவிடுங்கள். இந்த மாநாட்டுக்குச் சுமார் 18 ஆயிரம் பேர் வருகிறார்கள். நீங்கள் விசா வரட்டும் என்று காத்திருந்தால் நல்ல அறையெல்லாம் போயிருக்கும். ஆகவே இதை இன்று ராத்திரியே செய்யுங்கள், மற்றதை நாளை பார்க்கலாம்.

இனி விண்ணப்பம். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். முடிவெடுக்க 15 நாள் என்று விதி இருந்தாலும், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை போகலாம். கோடை விடுமுறைக் கூட்டம் மார்ச்சிலேயே தொடங்கிவிடும், நேரம் ஒதுக்கிக் கிடைப்பதே பாடு. கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30 ஆயிரம் யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் செல்லுபடியாக, நீங்கள் அங்கே இருக்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட், திரும்பும் நாளிலிருந்து இன்னும் மூன்று மாதமாவது உயிரோடு இருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

இதெல்லாம் எந்த இணையதளத்திலும் கிடைக்கும். நம் ஊர்க்காரர்கள் இடறும் இடம் வேறு, அதுதான் இனிஷியல். மாநாட்டுக்குப் பதிவு செய்யும்போது "ச. கவிதா" என்கிற மாதிரி கொடுத்துவிடுவோம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கும். அல்லது குடும்பப் பெயர் இடமே காலியாக இருக்கும். கல்லூரிக் கடிதத்தில் மூன்றாவது விதமாக இருக்கும். நமக்கு மூவரும் ஒரே ஆள்தான். தில்லியில் உட்கார்ந்து கோப்பைப் பார்க்கும் ஆஸ்திரிய அதிகாரிக்கு மூன்று பேர். அழைப்புக் கடிதம், கல்லூரிக் கடிதம், காப்பீடு, ஓட்டல் முன்பதிவு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருப்பது எழுத்துக்கு எழுத்து அப்படியே வரட்டும். ஏற்கெனவே மாநாட்டில் வேறு விதமாகப் பதிவு செய்திருந்தால், திருத்தச் சொல்லி எழுதிவிட்டு, பிறகு அழைப்புக் கடிதம் கேளுங்கள். டிக்கெட் போடும்போதும் இதே கவனம் வேண்டும்.

பணக் கணக்குக்கு வருவோம். ஆய்வு மாணவர் உதவித்தொகை 37 ஆயிரமோ 42 ஆயிரமோ, அதை வைத்து ஐரோப்பா போகிறாள் என்றால் நம்புவார்களா என்று பயப்பட வேண்டாம். உதவித்தொகை ஆணை, விடுப்பு அனுமதி, உங்கள் ஆய்வு எந்த ஆண்டு முடியும் என்று குறிப்பிடும் துறைத்தலைவர் கடிதம், இவை "இந்தப் பெண் திரும்பி வருவாள்" என்று சொல்லும் காகிதங்கள். அப்பா செலவை ஏற்றால் அவர் கடிதம், வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு விவரம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்னால் சித்தப்பாவிடம் மூன்று லட்சம் கடன் வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டுவது. அது யாரையும் ஏமாற்றாது. அரசு நிதியில் பயண உதவி கேட்டிருந்தால் இன்னொரு கண்ணி உண்டு. 2022 முதல் அரசுச் செலவு விமான டிக்கெட்டைப் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. என்ற மூன்று அரசு நிறுவனங்களில்தான் வாங்க வேண்டும் என்பது மத்திய நிதி அமைச்சக விதி. உங்கள் உதவிக்கு அது பொருந்துமா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்த பிறகு பில் நிராகரிக்கப்பட்டு அலைவதைப் பார்த்திருக்கிறேன். போர்டிங் பாஸையும் தூக்கிப் போடாதீர்கள்.

சரி, தங்குமிடம். மாநாடு நடப்பது ஆஸ்திரியா சென்டர் வியன்னா என்ற அரங்கில். டான்யூப் ஆற்றுக்கு அக்கரையில், ஐ.நா. அலுவலகங்களுக்கு ஒட்டி இருக்கிறது. மெட்ரோவில் யூ1 என்ற சிவப்புத் தடத்தில் கைஸர்ம்யூலன் நிலையம். முதல் நாள் பாதிப் பேர் கூட்டத்தோடு ஐ.நா. வாசலுக்குப் போய்ப் பாதுகாவலரிடம் பாஸ்போர்ட்டை நீட்டுவார்கள். அது அல்ல, பக்கத்துக் கட்டடம்.

பக்கத்து ஓட்டலில்தான் தங்க வேண்டும் என்றில்லை. யூ1 தடத்தில் எங்கே இருந்தாலும் அரங்குக்குப் பக்கம்தான். ஊரின் நடுவில் உள்ள ஷ்டெஃபான்ஸ்ப்ளாட்ஸிலிருந்தே பத்து நிமிடத்துக்குள் வந்துவிடலாம். அந்த நடுப்பகுதியில் அறை விலை அதிகம், உங்களுக்கு அது தேவையில்லை. நான் பார்க்கச் சொல்வது இரண்டு இடம். ஒன்று, அரங்கைத் தாண்டி வடக்கே காக்ரான், அதற்கு அப்பால் லியோபோல்டாவ் வரை. காக்ரானில் பெரிய வணிக வளாகம் உண்டு, குடியிருப்புப் பகுதி, ராத்திரியில் நிம்மதியாக நடக்கலாம். இரண்டு, ரயில்கள் வந்து சேரும் ஹௌப்ட்பான்ஹோஃப் பக்கம். இதுவும் யூ1தான், விமான நிலையத்திலிருந்து நேரடி ரயில், சுற்றி நிறைய நடுத்தர ஓட்டல்.

முகவரியைப் பார்த்து ஏமாறாமலிருக்க ஒரு சூத்திரம். வியன்னாவின் அஞ்சல் எண் நான்கு இலக்கம், நடு இரண்டு இலக்கம்தான் மாவட்டம். 1220 என்றால் 22ஆம் மாவட்டம், அரங்கு இருக்கும் இடம். 1020 என்றால் இரண்டாம் மாவட்டம், 1100 என்றால் பத்தாம் மாவட்டம், ரயில் நிலையப் பக்கம். "மாநாட்டுக்கு அருகில்" என்று விளம்பரம் போட்டுவிட்டு 1230 என்று முகவரி இருந்தால் அது ஊரின் தெற்குக் கோடி.

150 யூரோவைப் பாதியாக்க ஒரே வழி அறையைப் பகிர்வது. உங்கள் துறையிலேயே ஐ.ஐ.டி., ஹைதராபாத், ரூர்க்கி என்று எங்கிருந்தாவது இன்னொரு பெண் போகிறாரா என்று வழிகாட்டியிடம் விசாரியுங்கள். இரட்டைக் கட்டில் என்று போட்டால் அங்கே ஒரே சட்டத்தில் ஒட்டிய இரண்டு மெத்தை வரும். தனித்தனிக் கட்டில் வேண்டுமானால் "ட்வின்" என்று கேளுங்கள். ஹாஸ்டல் என்றால் பெண்களுக்கான அறை என்று பார்த்துப் போடுங்கள், கலப்பு அறைதான் மலிவாகக் காட்டும். மாணவர் விடுதிகள் ஓட்டலாக மாறுவது ஜூலைக்குப் பிறகுதான், மே மாதத்தில் அந்த வழி கிடையாது.

அண்ணன் வீடு பற்றிக் கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லப் போகிறேன். மாநாட்டு நாட்களில் அங்கே தங்காதீர்கள். வீனர் நோய்ஷ்டாட் வியன்னாவிலிருந்து 50 கிலோமீட்டர் தெற்கே. ரயில் அரை மணிதான். ஆனால் வீட்டிலிருந்து நிலையம், ரயில், யூ1 என்று ஒரு வழிக்கே ஒன்றேகால் மணி ஆகும். காலை எட்டரைக்கு அமர்வு தொடங்கும், ராத்திரி ஏழு வரை ஆட்கள் போஸ்டர் பக்கம் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு வேலையோ அடுத்த ஆய்வு வாய்ப்போ கிடைக்கிற பேச்சு நடப்பது அந்த ஏழு மணிக்குத்தான், நீங்கள் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருப்பீர்கள். அண்ணியும் பாவம், ஒன்பது மணி வரை சாப்பாட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பார். காகிதத்திலும் சிக்கல் கூடுகிறது. அவர் வீட்டில், அவர் செலவில் தங்குவதாகக் காட்டினால் அவர் அங்கே போலீஸ் அலுவலகத்தில் மின்னணு உறுதிமொழி ஒன்று கொடுக்க வேண்டியிருக்கும். தனியார் வீட்டில் மூன்று நாளைத் தாண்டித் தங்கினால் முகவரிப் பதிவும் செய்யணும். ஓட்டலில் இந்தப் பதிவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மாநாடு முடிந்த வெள்ளி இரவு அண்ணன் வீட்டுக்குப் போங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வந்து இறங்குவது சனிக்கிழமையாக இருக்கட்டும். ஞாயிறு என்றால் கடைகளெல்லாம் மூடிவிடும். ப்ராட்டர்ஷ்டெர்ன், ஹௌப்ட்பான்ஹோஃப் போன்ற ரயில் நிலையங்களுக்குள் உள்ள சில சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கும், அங்கே திருவிழாக் கூட்டம். விமான நிலையத்தில் பச்சை நிறத்தில் பளபளவென்று ஒரு விரைவு ரயில் கண்ணில் படும். பதினாறு நிமிடத்தில் போய்விடும், விலை அதிகம், அதை விடுங்கள். சாதாரண ரயிலில் ஹௌப்ட்பான்ஹோஃப் போய் யூ1 மாறுங்கள், சாமானோடு அதுதான் சுலபம். விமான நிலையம் நகர மண்டலத்துக்கு வெளியே இருப்பதால் நகரப் பாஸ் அங்கே செல்லாது, அந்தத் துண்டுக்குத் தனி டிக்கெட் வேண்டும். மெட்ரோவில் கதவு, தடுப்பு எதுவும் இருக்காது. இருக்காது என்பதால் இலவசம் என்று அர்த்தமில்லை. காகித டிக்கெட் வாங்கினால் வாசலில் உள்ள சின்னப் பெட்டியில் முத்திரை குத்த மறக்காதீர்கள். பரிசோதகர் மப்டியில் வருவார், அபராதம் 100 யூரோவுக்கு மேல், "முதல் தடவை சார்" என்பதெல்லாம் எடுபடாது. மாநாட்டுப் பதிவுக் கட்டணத்தில் போக்குவரத்துப் பாஸ் சேர்த்தியா என்று பார்த்துவிட்டு வாரப் பாஸ் வாங்குங்கள்.

விமானம் எந்த வழியாக என்று கேட்டால், சென்னையிலிருந்து நேரடி சேவை இல்லை. துபாய், தோஹா வழி போனால் குடியேற்றச் சோதனை வியன்னாவில். ஃப்ராங்க்ஃபர்ட் வழி போனால் சோதனை அங்கேயே முடிந்துவிடும், ஆகவே அடுத்த விமானத்துக்கு நேரம் தாராளமாக விடுங்கள். 2025 அக்டோபரிலிருந்து முத்திரைக்குப் பதிலாகக் கைரேகை, முகப்படம் எடுக்கும் புது முறை வந்திருக்கிறது, வரிசை நீளம்.

சாப்பாடு. முட்டையும் கூடாது என்பதால் "வெகெட்டாரிஷ்" என்று கேட்டால் போதாது, அதில் முட்டை வரும். "வெகான்" என்று கேளுங்கள், வியன்னாவில் எல்லோருக்கும் புரியும். தயிரை நீங்களே கடையில் வாங்கிக்கொள்ளலாம். உருளைக்கிழங்கு குலாஷ் என்று பெயரைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், பல இடத்தில் அதில் சாஸேஜ் துண்டு மிதக்கும். முடிந்தால் சமையல் மேடை உள்ள அறை எடுங்கள், நாஷ்மார்க்ட் சந்தைப் பக்கம் ஆசிய மளிகைக் கடைகளில் அரிசி, பருப்பு கிடைக்கும். ஊரிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு போகலாம். நெய்யும் பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது, பால் பொருட்களையும் சான்றில்லாத பச்சை இலைகளையும் ஐரோப்பிய ஒன்றியம் உள்ளே விடாது. கடுகு தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். நான் அனுப்பிய ஒரு குழு ரசத்துக்குத் தாளித்துப் புகை அலாரம் அடித்து, மொத்தக் கட்டடமும் நைட்டியோடு தெருவில் நின்றிருக்கிறது. குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி இருக்காது, தொட்டிக்குள்ளேயே குளியுங்கள். பையில் சின்னதாக ஒரு மக் இருக்கட்டும், எதற்கு என்று எழுத வேண்டியதில்லை.

போஸ்டரை அகலவாக்கில் வடிவமையுங்கள், அங்கே பலகைகள் அகலமானவை. துணியில் அச்சடித்தால் மடித்துச் சேலையோடு வைத்துவிடலாம், குழாயைச் சுமக்க வேண்டாம். மே மாதம் பகலில் 20 டிகிரி ஒட்டி இருக்கும், இரவில் பாதியாகும், ஆற்றங்கரைக் காற்று வேறு. ஒரு ஜாக்கெட் போதும்.

பாரிஸ் போகலாம், சட்டப்படி தடையில்லை. அதிக நாள் இருப்பதும் முக்கியக் காரணமும் ஆஸ்திரியா என்பதால் விண்ணப்பம் ஆஸ்திரியாவுக்குத்தான், பாரிஸ் ஓட்டலையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஆனால் முதல் விசாவுக்கு ஒரு நாடு, ஒரு காரணம், ஒரு வாரம் என்று இருந்தால் கோப்பு சுத்தமாக இருக்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் பாரிஸை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வேன், ஏனென்றால் உங்கள் ஆய்வுக்கு வேண்டியது வியன்னாவிலேயே இருக்கிறது.

அரங்குக்கு ஒரு நிலையம் முன்னால் டோனௌயின்ஸல் என்ற தீவு. 21 கிலோமீட்டர் நீளம், 1970களில் தொடங்கி, வெள்ளத்தைத் தடுக்கப் புதுக் கால்வாய் வெட்டிய மண்ணால் மனிதர் உண்டாக்கியது. நீரியல் படிப்பவர் மதிய இடைவேளையில் நடந்து பார்க்க வேண்டிய இடம். பக்கத்து ஐ.நா. வளாகத்தில்தான் சர்வதேச அணுசக்தி முகமை. உலக மழைநீரின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்கள்) அளவுகளை 1960களிலிருந்து உலக வானிலை அமைப்போடு சேர்ந்து தொகுத்து வருபவர்கள் இவர்கள். உங்கள் துறை வேலைக்கு அந்தத் தரவு தேவைப்படும், மாநாட்டில் அவர்கள் ஆட்களும் இருந்தால் பேசிப் பாருங்கள்.

ஓட்டலில் குழாயைத் திறந்து தண்ணீரைக் குடியுங்கள், பாட்டில் வாங்க வேண்டாம். உணவகத்தில் "லைட்டுங்ஸ்வாஸர்" என்று கேட்டால் அதே குழாய்த் தண்ணீர், இல்லாவிட்டால் சோடா மாதிரி நுரைக்கும் ஒன்றைக் கொண்டுவந்து பில் போடுவார்கள். அந்தத் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து வருகிறது. ஊர்க் கிணறுகள் கெட்டு டைஃபாய்டும் காலராவும் வாட்டிய நகரத்துக்கு 1873இல் முதல் குழாய்வழி வந்தது, பம்பு இல்லாமல் மலைச் சரிவிலேயே. உள்ளூர் நிலத்தடி நீர் ஆகாது என்றதும் தூரத்து நல்ல தண்ணீரைக் கொண்டுவருவது என்ற அதே முடிவைத்தான், 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் எடுத்தார்கள். வியன்னாவின் முதல் குழாய் கிளம்புவது கைஸர்ப்ரூன் என்ற ஊற்றிலிருந்து, மலையடிவாரம், அண்ணன் ஊரிலிருந்து காரில் போய்வரும் தூரம். சனிக்கிழமைக்கு இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள்.